ஏழாம் இடத்திலிருந்து கோப்பை: 2016 புல்டாக்ஸ் வெற்றி அதிசயமா, ஏற்பாடா?

பத்தாம் வகுப்பு மதிப்பெண் வெளியான அன்று பல வீடுகளில் நடக்கிற கூத்து நமக்குப் பழக்கமானதுதான். "ஏழாவது ரேங்கா?" என்று அப்பா முகத்தைச் சுளிப்பார். முதல் ரேங்க் வாங்கிய பையன் 500க்கு 491, தன் மகள் 487 என்பதை அவர் கவனித்திருக்க மாட்டார். இடையில் நான்கே மதிப்பெண்ணுக்குள் ஐந்து பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று அம்மா எடுத்துச் சொன்னாலும் காதில் ஏறாது.

2016ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்ற அணி கோப்பை வென்ற கதையை உலகம் அந்த அப்பாவைப் போலத்தான் படித்தது. 18 அணிகளில் ஏழாவது இடம், 62 ஆண்டுகளாகக் கோப்பை இல்லாத ஏழைச் சங்கம், கேப்டன் காயம்பட்டுப் படுத்துவிட்டார், ஆனாலும் வென்றார்கள், அதிசயம்! இதில் "அதிசயம்" என்ற கடைசிச் சொல்லைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. எங்காவது ஒரு கத்துக்குட்டி அணி தலைதூக்கினால் உடனே இந்தக் கதையை உதாரணம் காட்டுகிறார்கள். அப்படிக் காட்டுகிற பலருக்கு அந்த விளையாட்டில் புள்ளிப் பட்டியல் எப்படி வேலை செய்கிறது, கோப்பைக்கான கடைசிச் சுற்று எப்படி அமைந்திருக்கிறது என்பது தெரியாது. அவற்றைத் தெரிந்துகொண்டால் இந்த வெற்றி சிறுத்துப்போகாது. எந்த இடத்தில் வியக்க வேண்டும் என்பது மட்டும் மாறும்.

## முதலில் விளையாட்டு

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தை அந்த ஊர்க்காரர்கள் செல்லமாக "ஃபூட்டி" என்கிறார்கள். நாம் பார்க்கிற கால்பந்துக்கும் இதற்கும் பெயர்தான் ஒற்றுமை. கிரிக்கெட் ஆடுகிற அதே வட்ட மைதானத்தில், முட்டை வடிவத் தோல் பந்தை வைத்துக்கொண்டு, அணிக்கு 18 பேர் ஆடுவார்கள். கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், ஓடலாம். ஆனால் பந்தை வீசி எறியக் கூடாது. ஒரு கையில் பந்தை வைத்து மறு கையின் முஷ்டியால் குத்தித்தான் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். இந்தக் குத்துக்குப் பெயர் ஹேண்ட்பால்.

மைதானத்தின் இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவில் இரண்டு உயரமானவை, ஓரங்களில் இரண்டு குட்டையானவை. உயரமான கம்பங்களுக்கு நடுவே பந்தைச் சுத்தமாக உதைத்து அனுப்பினால் கோல், 6 புள்ளி. கொஞ்சம் விலகி ஓரக் கம்பத்துக்கு உட்பட்டுப் போனாலோ, போகிற வழியில் யார் கையாவது பட்டாலோ "பிஹைண்ட்", 1 புள்ளி. இது ஒரு வகை ஆறுதல் பரிசு. ஸ்கோரை 13.11 (89) என்று எழுதுவார்கள். 13 கோலுக்கு 78, 11 பிஹைண்டுக்கு 11, ஆக 89. இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இரண்டு முறை வரும்.

இந்த விளையாட்டின் உச்ச லீக் ஏ.எஃப்.எல். அதன் கோப்பையைப் பேச்சு வழக்கில் "கொடி" என்கிறார்கள். வென்ற சங்கத்துக்கு உண்மையாகவே ஒரு கொடி தரப்படுகிறது; அடுத்த ஆண்டு சொந்த ரசிகர்கள் முன்னால் அதை ஏற்றுவார்கள்.

## ஏழாவது என்றால் எவ்வளவு தூரம்?

2016இல் ஒவ்வொரு அணியும் லீக் கட்டத்தில் 22 ஆட்டங்கள் ஆடின. வென்றால் 4 புள்ளி, சமன் என்றால் 2. முடிவில் சிட்னி, ஜீலாங், ஹாதார்ன் ஆகிய மூன்று அணிகளும் தலா 17 வெற்றி. அடுத்து கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி, அடிலெய்ட், வெஸ்ட் கோஸ்ட் ஆகிய மூன்றும் தலா 16 வெற்றி. ஏழாவதாக புல்டாக்ஸ், 15 வெற்றி. எட்டாவதாக நார்த் மெல்பர்ன், 12 வெற்றி.

இன்னொரு முறை பாருங்கள். முதல் இடத்துக்கும் ஏழாம் இடத்துக்கும் இடையே இரண்டே வெற்றிதான் வித்தியாசம். ஏழாம் இடத்துக்கும் எட்டாம் இடத்துக்கும் மூன்று வெற்றி வித்தியாசம்! புல்டாக்ஸ் அந்த ஆண்டு பட்டியலின் நடுவில் கிடந்த அணி அல்ல. முன்வரிசைக் கூட்டத்தின் கடைசி ஆள்.

மறுத்துப் பேச முடியாத சான்று அடுத்த ஆண்டே கிடைத்தது. 2017இல் ரிச்மண்ட் அணி லீக் கட்டத்தில் 15 வெற்றி, 7 தோல்வி. புல்டாக்ஸ் 2016இல் எடுத்த அதே கணக்கு, ஓர் ஆட்டம்கூட மாறவில்லை. ஆனால் அந்த ஆண்டு அது மூன்றாம் இடமாக அமைந்தது. ரிச்மண்டும் கோப்பையை வென்றது. பட்டியலில் பிடித்த இடத்தைக் காட்டி அதை யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை.

அப்படியானால் ஏழாம் இடத்தால் எந்தக் கஷ்டமும் இல்லையா? இருக்கிறது, பெரிய கஷ்டம். ஆனால் அது அணியின் பலவீனம் அல்ல, அமைப்பு விதிக்கிற அபராதம்.

## பூவா தலையா: 16 சீட்டுக் கணக்கு

ஐ.பி.எல். பார்க்கிறவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். அங்கே பட்டியலில் முதல் இரண்டு இடம் பிடித்தால் ஒரு முறை தோற்றாலும் மறுவாய்ப்பு உண்டு. மூன்றாவது, நான்காவது என்றால் தோற்ற நிமிடமே பெட்டி கட்ட வேண்டும். அதே 2016இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் மூன்றாம் இடத்திலிருந்து மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று கோப்பை வாங்கியது நினைவிருக்கலாம்.

ஏ.எஃப்.எல்.லில் 2016இல் இருந்த ஏற்பாடும் அதன் பெரிய அண்ணன்தான். லீக் முடிந்ததும் முதல் எட்டு அணிகள் நான்கு வார நாக் அவுட் கட்டத்துக்குப் போகும். இந்தக் கட்டத்தைத்தான் அங்கே "ஃபைனல்ஸ்" என்கிறார்கள். கடைசி நாள் ஆட்டம் மட்டும் "கிராண்ட் ஃபைனல்". முதல் நான்கு இடம் பிடித்தவர்கள் முதல் வாரம் தங்களுக்குள் மோதுவார்கள். வென்றவருக்கு ஒரு வாரம் ஓய்வு, நேராக மூன்றாம் வார அரையிறுதி. தோற்றவருக்கும் ஒன்றும் குடி முழுகிப்போகாது. இரண்டாம் வாரம் இன்னொரு வாய்ப்பு. ஐந்து முதல் எட்டு வரை உள்ளவர்களுக்கோ ஓய்வும் இல்லை, மறுவாய்ப்பும் இல்லை. நான்கு வாரம், நான்கு ஆட்டம், நான்கிலும் வெற்றி. ஒன்றில் சறுக்கினாலும் கதை முடிந்தது.

இது எவ்வளவு பெரிய பாதகம் என்று ஒரு நாணயத்தை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். எட்டு அணிகளும் சம பலம், ஒவ்வோர் ஆட்டமும் பூவா தலையா என்று வைத்துக்கொள்வோம். ஏழாம் இடத்து அணிக்கு நான்கு முறை தொடர்ந்து தலை விழ வேண்டும். அதற்கான வாய்ப்பு 16இல் 1.

முதல் நான்கில் இருக்கும் அணிக்கு இரண்டு வழிகள். முதல் வாரம் வென்று, ஓய்வெடுத்து, மேலும் இரண்டு ஆட்டம் வெல்வது ஒரு வழி: மூன்று தலை, அதாவது 8இல் 1, அல்லது 16இல் 2. முதல் வாரம் தோற்று, அதன்பின் மூன்றையும் வெல்வது இன்னொரு வழி: 16இல் 1. கூட்டினால் 16இல் 3.

குலுக்கல் பெட்டியில் 16 சீட்டு இருந்தால் முதல் நான்கு அணிகளுக்கும் தலா மூன்று சீட்டு, அடுத்த நான்குக்கும் தலா ஒரே ஒரு சீட்டு என்று பொருள். சம பலம் என்று எடுத்துக்கொண்டாலே இப்படி. இதற்கு மேல், பட்டியலில் மேலே இருப்பவருக்குச் சொந்த ஊரில் ஆடும் சலுகையும் உண்டு.

இந்த முறை 2000ஆம் ஆண்டு வந்தது. அதிலிருந்து 2015 வரை 16 கோப்பைகள். பதினாறையும் முதல் நான்கு இடங்களில் முடித்த அணிகளே வாங்கின. ஐந்து முதல் எட்டு வரை முடித்தவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. புல்டாக்ஸ் உடைத்தது இந்தப் பூட்டைத்தான்.

சுருக்கிச் சொன்னால், அணி சிங்கங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஆடு அல்ல. அதுவும் ஓரளவு சிங்கம்தான். ஆனால் கையில் ஒற்றைச் சீட்டோடு பெட்டி அருகே நின்றது.

## ஏழைச் சங்கத்துக்கு எப்படி நல்ல ஆட்கள் கிடைத்தார்கள்?

அதே 2016 மே மாதம் இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி பிரீமியர் லீக்கை வென்றது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கிலாந்தில் பணமுள்ள சங்கம் விரும்பிய ஆளை வாங்கிக்கொள்ளலாம். நாக் அவுட் கட்டமும் கிடையாது. 38 ஆட்டம், ஒன்பது மாதம் முன்னால் நின்றால்தான் கோப்பை. லெஸ்டர் செய்தது பணத்தை எதிர்த்த நீச்சல். ஆஸ்திரேலியாவிலோ லீக்கே ஏழையைத் தூக்கிவிடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது.

அதற்கான கருவிகளில் முதலாவது சம்பள உச்சவரம்பு. ஓர் அணி தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற வரம்பு. 2016இல் அது ஏறத்தாழ 1 கோடி ஆஸ்திரேலிய டாலர். சங்கத்தின் கஜானாவில் எவ்வளவு குவிந்திருந்தாலும் சம்பளப் பட்டியல் அதைத் தாண்ட முடியாது. 1987இல் வந்த விதி இது.

இரண்டாவது, அதற்கு ஓராண்டு முன்பு வந்த டிராஃப்ட். நாடெங்கும் தேறிவரும் இளைஞர்களை அணிகள் ஆண்டுதோறும் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறை. வரிசை தலைகீழ்: கடைசி இடம் பிடித்தவருக்கு முதல் தேர்வு. கல்யாணப் பந்தியில் போன முறை கடைசிப் பந்தியில் உட்கார்ந்து வெறும் சாம்பார் சாதம் சாப்பிட்டவரை இந்த முறை முதல் பந்தியில் உட்கார வைப்பது போல.

புல்டாக்ஸ் 2012, 2013 இரண்டு ஆண்டும் 15ஆம் இடம். அந்த அவமானத்துக்குக் கிடைத்த கூலியாக 2012 டிராஃப்டில் ஜேக் ஸ்டிரிங்கரும் ஜாக் மக்ரேயும் ஐந்தாவது, ஆறாவது தேர்வாகக் கிடைத்தார்கள். 2013இல் நான்காவது தேர்வாக மார்க்கஸ் பான்டம்பெல்லி வந்தார். 2016இல் அணியின் மிகச் சிறந்த வீரராக அவர் நின்றபோது வயது 20.

மூன்றாவதாக ஒரு விதி இருக்கிறது. ஒரு சங்கத்துக்காகத் தந்தை 100 ஆட்டம் ஆடியிருந்தால் மகனைத் தேர்ந்தெடுக்க அந்தச் சங்கத்துக்கு முன்னுரிமை உண்டு. நம் அரசியலையும் சினிமாவையும் நினைத்துச் சிரிக்க வேண்டாம். அங்கே இதை உணர்ச்சியோடு மதிக்கிறார்கள். டாம் லிபரடோரி, மிட்ச் வாலிஸ், லாச்சி ஹன்டர், ஜெய்ன் கார்டி ஆகியோர் இந்த வாரிசு வழியில் புல்டாக்ஸுக்கு வந்தவர்கள்.

பெரிய தேர்வுகள் மட்டும் போதாது என்பதற்கு ஒரு சின்ன மனிதரைக் காட்டலாம். கேலப் டேனியல் 168 சென்டிமீட்டர் உயரம், அப்போது லீக்கிலேயே குள்ளமானவர். தலையில் மென்மையான ஹெல்மெட் அணிந்து, இரண்டு மீட்டர் ஆட்களின் இடுப்புக்குக் கீழே புகுந்து பந்தோடு வெளிவருவார். 2014 டிராஃப்டில் 45 பேர் தேர்வான பிறகுதான் அவர் பெயர் வந்தது.

## அப்படியானால் கத்துக்குட்டி என்ற பெயர் எப்படி வந்தது?

புள்ளிக் கணக்கிலிருந்து வந்த பெயர் அல்ல அது, வரலாற்றிலிருந்து வந்தது. மெல்பர்ன் நகரின் மேற்கே, தொழிற்சாலைகளும் புலம்பெயர்ந்தோர் குடியிருப்புகளும் நிறைந்த ஃபுட்ஸ்க்ரே பகுதியின் சங்கம் இது. 1925இல் பெரிய லீக்கில் சேர்ந்தது. 1954இல் ஒரே ஒரு கோப்பை. 1989இல் கடன் சுமையால் ஃபிட்ஸ்ராய் சங்கத்தோடு இணைத்துவிடுவதாக அறிவிப்பே வந்துவிட்டது. ரசிகர்கள் நீதிமன்றத்தில் சில வார அவகாசம் வாங்கி, வீடு வீடாக உண்டியல் குலுக்கிச் சங்கத்தை மீட்டார்கள். ஃபிட்ஸ்ராய்க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1996இல் பிரிஸ்பேன் அணியோடு கரைந்துபோனது.

சங்கம் பிழைத்த பிறகும் வாசல் வரை போய்த் திரும்புவதே பிழைப்பாயிற்று. கிராண்ட் ஃபைனலுக்கு முந்தைய ஆட்டத்தில் 1985இலிருந்து 2010க்குள் ஏழு முறை தோல்வி. அவற்றில் 1997ஐப் பற்றி அந்தப் பகுதி முதியவர்கள் இன்னும் முனகுவார்கள். அடிலெய்டுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் டோனி லிபரடோரி பந்தை உதைத்துவிட்டு, கோல் என்று கையை உயர்த்திக் கொண்டாடத் தொடங்கினார். நடுவர் காட்டியது ஒற்றை விரல்: பிஹைண்ட். ஆறு புள்ளிக்குப் பதில் ஒரு புள்ளி. ஆட்டம் 93–91 என்று முடிந்தது. தோல்வி இரண்டே புள்ளியில். மேலே வாரிசு விதியில் பார்த்த டாம், இந்த டோனியின் மகன்.

2014 முடிவில் நிலைமை இன்னும் மோசம். 14ஆம் இடம். கேப்டன் ரயன் கிரிஃபன் அணியை விட்டு கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னிக்குப் போனார். பயிற்சியாளரும் விலகினார். பதிலுக்கு அந்த அணியிலிருந்து டாம் பாய்ட் என்ற 19 வயது உயரமான இளைஞர், ஏழு ஆண்டுக்கு 70 லட்சம் டாலர் என்று பேசப்பட்ட ஒப்பந்தத்தில் வந்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளும் அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் தொகையையும் சேர்த்தே சொன்னார்கள், இங்கே ஐ.பி.எல். ஏல விலையைச் சொல்லிக் குத்துவது போல.

## பெவரிட்ஜ் செய்த மாற்றம்

புதிய பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ் முன்பு ஹாதார்னில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். அதற்கும் முன்பு உள்ளூர் அமெச்சூர் சங்கம் ஒன்றைத் தொடர்ந்து மூன்று கோப்பைக்கு இட்டுச்சென்றவர். அவர் வந்த முதல் ஆண்டிலேயே அணி ஆறாம் இடத்துக்கு வந்தது.

அவருடைய ஆட்டமுறையை விளக்க வீடு கட்டுமிடத்துக்குப் போகலாம். வரிசையாக நிற்பவர்கள் செங்கலைக் கைக்குக் கை தட்டிவிட்டு மாடிக்கு ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவரும் செங்கலைச் சுமந்து நடப்பதில்லை. அது மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும். புல்டாக்ஸ் பந்தை அப்படி நகர்த்தியது. இரு அணியிலும் பத்துப் பேர் ஒரு பந்தின் மீது குவிந்து கிடக்கும்போது எடுக்கிற பந்தைப் "போராட்டப் பந்து" என்று சொல்லலாம். சாதாரணமாக அங்கிருந்து ஒரு பெரிய உதை விட்டுத் தப்பிப்பார்கள். இவர்கள் உதைப்பதில்லை. குத்து, குத்து, இன்னொரு குத்து என்று மூன்று நான்கு ஹேண்ட்பாலில் கூட்டத்துக்கு வெளியே பந்தைக் கொண்டுவந்து, அங்கே காத்திருக்கும் ஓட்டக்காரரிடம் சேர்ப்பார்கள்.

நாக் அவுட் ஆட்டங்களில் இது கூடுதலாகப் பலித்தது என்பது என் கணிப்பு. பதற்றம் கூடும்போது உதைகள் தவறும், பந்து அடிக்கடி தரையில் விழும், கூட்டம் சேரும். கூட்டத்துக்குள் வாழப் பழகியவனுக்கு அது சொந்த வீடு.

ஆனால் 2016 லீக் கட்டம் முழுக்கக் காயம்தான். மூன்றாவது சுற்றில் ஹாதார்னுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் கேப்டன் பாப் மர்ஃபிக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. 33 வயது, அணியின் முகமே அவர்தான். அந்த ஆண்டு அவருக்கு அத்தோடு முடிந்தது. ஈஸ்டன் வுட் தற்காலிகக் கேப்டன் ஆனார். 18ஆவது சுற்றில் ஒரே ஆட்டத்தில் மிட்ச் வாலிஸுக்குக் கால் முறிந்தது, ஜாக் ரெட்பாத்துக்கு முழங்கால் போனது. 15 வெற்றி என்ற எண்ணை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். முழு ஆரோக்கியத்தோடு இருந்த அணியின் கணக்கல்ல அது.

## நான்கு வாரம்

இங்கே ஒரு தற்செயல் நுழைகிறது. முந்தைய ஆண்டு சில அணிகள் லீக்கின் கடைசி ஆட்டத்தில் முக்கிய வீரர்களை உட்கார வைத்துவிட்டதால், 2016இல் முதன்முறையாக லீக் முடிவுக்கும் நாக் அவுட் தொடக்கத்துக்கும் நடுவே எல்லோருக்கும் ஒரு வாரம் ஓய்வு தரப்பட்டது. புல்டாக்ஸுக்காகச் செய்த ஏற்பாடு அல்ல. ஆனால் அந்த ஒரு வாரத்தில் மக்ரேயும் லிபரடோரியும் காயத்திலிருந்து மீண்டு வந்துவிட்டார்கள். இதை அதிர்ஷ்டம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

முதல் வாரம், வெஸ்ட் கோஸ்டின் சொந்த ஊரான பெர்த். மெல்பர்னிலிருந்து சுமார் 2,700 கிலோமீட்டர் பறக்க வேண்டும். புல்டாக்ஸ் வெல்லும் என்று எதிர்பார்த்தவர்கள் குறைவு. முடிவு 99–52.

இரண்டாம் வாரம் ஹாதார்ன். 2013, 2014, 2015 என்று தொடர்ந்து மூன்று கோப்பை வாங்கியவர்கள். பெவரிட்ஜின் பழைய முதலாளிகள். மர்ஃபியின் முழங்கால் போனதும் இவர்களோடு ஆடியபோதுதான். முடிவு 107–84.

மூன்றாம் வாரம் சிட்னியில் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி. 2012இல் லீக்கில் சேர்ந்த புது அணி, அதனால் டிராஃப்டில் தேர்வுகளை வாரி வாங்கிய அணி. எதிரே நின்றவர்களில் ஒருவர் பழைய கேப்டன் கிரிஃபன். இந்தப் பக்கம் அவருக்குப் பதிலாக வந்த பாய்ட். கடைசிக் கால் பகுதியில் பின்தங்கி, மீண்டு, மக்ரே உதைத்த கோலில் முந்தி, ஆறு புள்ளியில் வென்றார்கள். 13.11 (89) – 12.11 (83). ஒரே ஒரு கோல் இடைவெளி. கோப்பைக் கதை முழுவதிலும் அறுந்துபோக மிக நெருங்கிய இழை இதுதான்.

கவனிக்க வேண்டியது ஒன்று. முதல் வாரம் வென்று ஓய்வெடுத்த இரண்டு அணிகள் ஜீலாங்கும் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னியும். புது ஓய்வு வாரத்தையும் சேர்த்தால் அவர்கள் ஏறத்தாழ நான்கு வாரத்தில் ஒரே ஓர் ஆட்டம்தான் ஆடியிருந்தார்கள். இருவரும் தோற்றார்கள். பரிசாகக் கொடுத்த ஓய்வு துருப்பிடிக்க வைத்துவிட்டதா என்று ஆஸ்திரேலியாவில் நெடுநாள் வாதம் நடந்தது. ஓர் ஆண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அக்டோபர் 1, மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம், 99,981 பேர். எதிரணி சிட்னி, பட்டியலில் முதலிடம். சிட்னி அங்கே வந்து சேர்ந்த வழியைப் பார்த்தால் மூன்று சீட்டுக்கும் ஒரு சீட்டுக்கும் உள்ள வித்தியாசம் விளங்கும்: முதல் வாரமே தோற்று, மறுவாய்ப்பில் எழுந்து வந்திருந்தது. புல்டாக்ஸுக்கு அந்தத் தோல்வி கிடைத்திருந்தால் செப்டம்பர் 8ஆம் தேதியே வீடு. மறுபுறம், கிராண்ட் ஃபைனல் மெல்பர்னில் நடப்பதே வழக்கம். ஆகவே முதலிடத்து அணி விமானம் ஏறி வந்தது. ஏழாம் இடத்து அணி சொந்த ஊரில், பெரும்பாலும் தன் பக்கம் கத்துகிற கூட்டத்தின் முன்னால் ஆடியது.

பாதி ஆட்டத்தில் சிட்னி இரண்டு புள்ளி முன்னால். முக்கால் ஆட்டத்தில் புல்டாக்ஸ் எட்டுப் புள்ளி முன்னால். கடைசிப் பகுதியில் ஜேசன் ஜொஹானிசன் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போயிற்று. மேற்கு மெல்பர்ன் முழுக்கக் குதித்தது. வீடியோவில் பார்த்தால் வழியில் ஒரு விரல் பட்டிருந்தது. கோல் இல்லை, ஒரு புள்ளி. 1997ஐப் பார்த்தவர்களுக்கு அந்த நொடியில் என்ன தோன்றியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அடுத்து நடந்தது இது. சிட்னியின் நட்சத்திரம் லான்ஸ் ஃபிராங்க்ளின் பந்தோடு திரும்புகிறார். 33 வயது டேல் மோரிஸ் பின்னாலிருந்து பாய்ந்து கட்டிப் பிடிக்கிறார். மோரிஸ் முதுகெலும்பில் முறிவோடுதான் ஆடினார் என்பது பிறகு தெரிந்தது. பந்து நழுவுகிறது. அதைப் பொறுக்கியவர் டாம் பாய்ட். சுமார் 60 மீட்டர் தூரம், எதிரே காவல் இல்லை. உதைத்தார். பந்து விழுந்து, குதித்து, யார் கையும் படாமல் நடுக்கம்பங்களுக்கு ஊடே உருண்டது. அன்று அவர் அடித்த மூன்றாவது கோல் அது. 70 லட்சம் டாலர் பற்றிய பேச்சு அந்த நிமிடம் நின்றது.

13.11 (89) – 10.7 (67). போன வாரம் எடுத்த அதே 13.11. ஆட்டநாயகன் பதக்கம் ஜொஹானிசனுக்கு. டோனியின் மகன் டாம் கழுத்தில் கோப்பைப் பதக்கம்.

## எது அமைப்பு, எது அதிர்ஷ்டம்?

திறமையான இளைஞர்கள் ஒரே அணியில் சேர்ந்தது டிராஃப்டின் வேலை. அவர்களைப் பணக்காரச் சங்கங்கள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போகாமல் தடுத்தது சம்பள வரம்பு. ஏழாம் இடம் என்ற எண் அணியின் பலத்தைக் குறைத்துக் காட்டியது. ஓய்வு வாரமும் ஆறு புள்ளி அரையிறுதியும் அதிர்ஷ்டத்தின் கணக்கு. 16 ஆண்டாக ஒருவரும் செய்யாததை, ஒற்றைச் சீட்டை வைத்துக்கொண்டு, இரண்டு முறை விமானம் ஏறிச் செய்தது மட்டும் அவர்களுடையது. 2024இல் பிரிஸ்பேன் லயன்ஸ் ஐந்தாம் இடத்திலிருந்து கோப்பை வாங்கும் வரை வேறு யாரும் அதைச் செய்யவில்லை.

ஏற்றிவிடும் அதே அமைப்பு இறக்கியும் விடும். 2017இல் புல்டாக்ஸ் 11 வெற்றி, 11 தோல்வி, பத்தாம் இடம். நாக் அவுட் கட்டத்துக்கே வரவில்லை.

பதக்கம் பற்றி ஒரு விதியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சங்கத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட வீரர்கள் இருந்தாலும் கிராண்ட் ஃபைனல் நாளில் ஆடுபவர்களுக்குத்தான் வெற்றிப் பதக்கம். காயத்தால் வெளியே உட்கார்ந்தவருக்குக் கிடையாது. பயிற்சியாளருக்குத் தனியாக ஒரு பதக்கம் உண்டு. அன்று மாலை அது கழுத்தில் விழுந்ததும் பெவரிட்ஜ் ஒலிபெருக்கியில் பாப் மர்ஃபியை மேடைக்கு அழைத்தார். மர்ஃபி அணியின் மேலாடையைப் போட்டுக்கொண்டு ஏறினார். பெவரிட்ஜ் பதக்கத்தைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டினார். பிறகு தற்காலிகக் கேப்டன் வுட், பெவரிட்ஜ், மர்ஃபி மூவரும் சேர்ந்து கோப்பையைத் தூக்கினார்கள். மர்ஃபி முழங்கால் தேறி 2017இல் மறுபடி ஆடினார். அந்த ஆண்டு முடிவில் 312 ஆட்டங்களோடு ஓய்வு பெற்றபோது, அவர் ஆடிய கிராண்ட் ஃபைனல் ஒன்றுகூட இல்லை.